தகடூர் நாட்டில் கள்ளும் தேறலும்

தகடூர் நாடு என்பது இன்றைய தருமபுரி வட்டாரத்தின் பழம்பெயர். சங்க காலத்தில் அதியர் மரபினர் இந்நாட்டை ஆண்டனர். இம்மரபின் புகழ்பெற்ற அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனும் அவன் மகன் பொகுட்டெழினியும் புலவர்க்குக் கள்ளும் தேறலும் அளித்து விருந்தோம்பிய செய்தி ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்களில் உள்ளது. 20ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததும் இந்த நிலப்பகுதியில்தான். இக்கட்டுரை, வீட்டில் மது செய்து விருந்தில் பகிர்ந்த பழைய வழக்கத்தையும், பின்னர் அது வரிக்கும் சட்டத்திற்கும் உட்பட்ட வரலாற்றையும் தகடூரை மையமாகக் கொண்டு விளக்குகிறது.

ஊரும் அரசும்

அதியமான்கோட்டை, தருமபுரி நகருக்குத் தெற்கே சேலம் செல்லும் சாலையில் சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதியமானின் கோட்டை இருந்த இடம் என்ற நம்பிக்கையே ஊரின் பெயருக்குக் காரணம். அதியமானுக்கும் ஔவையாருக்கும் இங்கு நினைவுக் கோட்டம் எழுப்பப்பட்டுள்ளது. சென்னராயப் பெருமாள் கோயிலும் காலபைரவர் கோயிலும் ஊரின் பிற அடையாளங்கள்.

நெடுமான் அஞ்சி வரலாற்றில் வாழ்ந்தவன் என்பதற்கு இலக்கியத்திற்கு வெளியேயும் சான்று உண்டு. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியை, அதாவது துறவியர் தங்கும் இடத்தைக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியருடன் சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் அதியரே என்பதை இக்கல்வெட்டு உறுதிப்படுத்தியது.

பெயர்களில் தெரியும் செய்முறை

சங்க இலக்கியத்தில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் சில, அப்பானம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் உணர்த்துகின்றன.

தேறல் என்பது தெளிந்தது. வண்டல் அடியில் தங்கிய பின் மேலே நிற்கும் தெளிவை இச்சொல் குறிக்கும். அரியல் என்பது அரிக்கப்பட்டது, அதாவது வடிகட்டப்பட்டது. பிழி என்பது பிழிந்து எடுத்தது. நறவு, நறா ஆகிய சொற்கள் மணத்தோடு தொடர்புடையவை. தோப்பி என்பது நெல்லரிசியிலிருந்து வீட்டில் செய்த கள் என்பது உரையாசிரியர் கருத்து. மட்டு, மது ஆகியவை தேனையும் கள்ளையும் பொதுவாகக் குறித்தன. நாரால் அரித்த கள் பற்றியும் பாடல்கள் பேசுகின்றன. பனை நார் போன்றவற்றால் பின்னிய வடிகட்டியில் ஊற்றிக் கசடு நீக்கும் முறை இது.

வீட்டில் சமைத்த கள்

மது செய்யும் முறையைப் படிப்படியாகக் கூறும் பகுதி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் வலைஞர் குடியில் தங்கினால் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் இச்செய்முறை வருகிறது. அதன் படிகள் பின்வருமாறு:

1. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல்.
2. அக்களியை அகன்ற வாயுடைய தட்டில் இட்டு உலர ஆற்றுதல்.
3. புற்றின் உள்ளே காணப்படும் குரும்பி போன்ற தோற்றமுடைய அடையைச் சேர்த்துக் கலத்தல். இதனை நெல் முளையால் ஆன அடை என்று உரையாசிரியர் கொள்கின்றனர்.
4. இரண்டு பகலும் இரண்டு இரவும் உறுதியான வாயுடைய சாடியில் வைத்து, பச்சை நீங்கி முதிரச் செய்தல்.
5. விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தல்.

இவ்வாறு எடுத்த கள்ளைச் சுட்ட மீனுடன் உண்ணலாம் என்று நூல் கூறுகிறது.

இச்செய்முறை இன்றைய உணவு அறிவியலுக்கும் பொருந்துகிறது. அரிசியில் உள்ள மாவுச்சத்து நேரடியாக மதுவாக மாறாது. முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும். முளைவிட்ட தானியத்தில் உருவாகும் நொதிகள் அவ்வேலையைச் செய்கின்றன. பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. களியைச் சூட்டோடு சாடியில் இட்டால் நொதியும் ஈஸ்ட்டும் அழிந்துவிடும். ஆகவே ஆற்றுதல் என்ற இரண்டாம் படி இன்றியமையாதது. பார்லியை முளைக்கவைத்து பீர் செய்யும் முறையின் அடிப்படையும் இதுவே.

அதே நூலின் மற்றொரு பகுதி, ஆநிரை கவர்ந்து திரும்பிய மறவர் வீட்டில் சமைத்த இனிய தோப்பியைப் பருகியதைச் சொல்கிறது. வலைஞர், வன்புல மறவர் என இரு வேறு நிலத்தாரின் வீடுகளிலும் கள் சமைக்கப்பட்டது என்பது இதனால் தெரிகிறது. சோறு ஆக்குவது போலவே கள் ஆக்குவதும் அக்கால வீட்டுத் தொழில்களுள் ஒன்றாக இருந்தது.

மலைநாட்டில் தேன் முக்கிய மூலப்பொருள். செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைக் குறிப்பிடுகின்றன. செங்கம் தகடூர் நாட்டின் அண்டைப் பகுதி. மலையும் மூங்கிலும் தேனும் இரு நாடுகளுக்கும் பொதுவானவை.

மரக்கள்

தருமபுரி வட்டாரத்தில் பனை, தென்னை ஆகியவற்றுடன் ஈச்ச மரத்திலிருந்தும் கள் இறக்கப்பட்டு வந்தது. பனையில் மரமேறி பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டுவார். காலையும் மாலையும் சீவினால்தான் சாறு தொடர்ந்து வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடுக்கப்பட்டுப் பதநீர் கிடைக்கும். கொங்குப் பகுதியில் இதனைத் தெளுவு என்பர். சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் சில மணி நேரத்திலேயே சாற்றைக் கள்ளாக்கிவிடும்.

புதிய கள் இனிப்பும் நுரையும் கொண்டது. நேரம் ஆக ஆக இனிப்பு குறைந்து புளிப்பும் கடுப்பும் ஏறும். மேலும் நின்றால் காடியாகிவிடும். இதனால் மரக்கள்ளை நெடுநாள் சேமிக்கவோ தொலைவுக்குக் கொண்டு செல்லவோ இயலாது. இறக்கிய ஊரிலேயே அன்றே குடிக்கப்படும் பானம் அது.

அதியமானின் விருந்து

ஔவையார் புறநானூற்றில் 33 பாடல்களைப் பாடியுள்ளார். அவற்றுள் பெரும்பகுதி அதியமானைப் பற்றியவை. கள்ளும் தேறலும் இப்பாடல்களில் கொடையின் ஒரு பகுதியாக வருகின்றன.

புறநானூறு 392, பொகுட்டெழினியின் விருந்தோம்பலைக் கூறுகிறது. பரிசில் வேண்டி வந்தவரின் பாசி போன்ற கிழிந்த உடையை நீக்கி, கரையிட்ட நுண்ணிய ஆடையை உடுத்தச் செய்து, தேள் கொட்டினாற் போன்ற கடுப்புடைய நாட்பட்ட தேறலைக் கோள்மீன் போல் ஒளிரும் பொற்கலத்தில் அவன் அளித்தான். இங்குப் பானத்தின் வயதும் கடுப்பும் சுவைத்து அறிந்து சொல்லப்படுகின்றன. முதிர்ந்த தேறலே உயர்ந்தது என்ற மதிப்பீடு அக்காலத்தில் இருந்ததை இது காட்டுகிறது. இதே பாடல், கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் எழினியின் முன்னோர் என்றும் சொல்கிறது. புறநானூறு 99ஆம் பாடலிலும் இச்செய்தி உண்டு.

புறநானூறு 235, அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல். கள் சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாட அவனும் மகிழ்ந்து உடன் உண்பான் என்றும் அவர் நினைவுகூர்கிறார். சோறும் இறைச்சியும் அவ்வாறே பகிரப்பட்டன. அரசனின் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்பவர் கையையும் புலவர் நாவையும் துளைத்துச் சென்றது என்று பாடல் விரிகிறது.

ஒரு வேந்தனின் பண்பை அளக்க ஔவையார் எடுத்துக்கொண்ட அளவுகோல் இங்குக் கவனிக்கத்தக்கது. பெரும்போர்களையும் வெற்றிகளையும் அவர் வேறு பாடல்களில் பாடியுள்ளார். அவன் மறைந்தபின் முதலில் நினைவுக்கு வருவது, குறைவாக இருந்த கள்ளை அவன் யாருக்குக் கொடுத்தான் என்பது. அரசன் குடித்தான் என்ற செய்தியைவிட, எப்போது தன் பங்கை விட்டுக்கொடுத்தான் என்பதற்கே பாடல் முதன்மை தருகிறது.

நடுகல்லும் கள்ளும்

தகடூர்ப் போரில் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் அதியமான் தோற்றான். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அச்சேரனைப் பாடியுள்ளார். இப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் சில பாடல்கள் புறத்திரட்டின் வழியாக எஞ்சியுள்ளன.

இறந்த அதியமானுக்கு நடுகல் நாட்டி, மயிற்பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் வைத்துப் படைத்ததைப் புறநானூறு 232 கூறுகிறது. உயர்ந்த மலைநாட்டையே பிறர் கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானா என்று ஔவையார் கேட்கிறார். அகநானூறு 35ஆம் பாடலும் நடுகல்லுக்குப் பீலி சூட்டித் தோப்பிக் கள் படைக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது.

தருமபுரி மாவட்டமும் அதனை ஒட்டிய கிருட்டிணகிரி, செங்கம் பகுதிகளும் தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகள். பல்லவர் காலத்தைச் சேர்ந்த வட்டெழுத்து நடுகற்கள் இங்குப் பல உள்ளன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவை அதியமான் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. எனினும் பாடல் கூறும் மரபு இந்நிலத்தில் நீண்டகாலம் தொடர்ந்தமைக்கு அவை சான்று.

யவன மதுவும் கலவைப் பானமும்

உள்நாட்டில் செய்த மதுவுடன் வெளிநாட்டு மதுவும் தமிழகத்திற்கு வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் தர, பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ வேண்டும் என்று நக்கீரர் புறநானூறு 56இல் வாழ்த்துகிறார். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்திய தரைக்கடல் பகுதியின் ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. இச்சாடிகள் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய் போன்றவற்றை ஏற்றிவரப் பயன்பட்டவை.

பல சாறுகளை ஒன்றாகக் கலந்து பருகும் வழக்கமும் பழமையானது. மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 24, பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து கடற்கரை மக்கள் குடித்ததைச் சொல்கிறது. மூன்று நீர் என்ற பொருளில் அதற்கு முந்நீர் என்று பெயர். கடலுக்கும் முந்நீர் என்ற பெயர் உண்டாதலால், முந்நீரை உண்டு முந்நீரில் பாய்ந்தனர் என்று புலவர் சொல்லின்பம் சேர்க்கிறார். தமிழில் பதிவான பழைய கலவைப் பானங்களுள் இதுவும் ஒன்று.

மறுப்பும் வரியும்

மதுவை ஏற்ற சமூகத்திலேயே மதுவை மறுக்கும் குரலும் எழுந்தது. சமணமும் பௌத்தமும் கள்ளை விலக்கின. திருக்குறள் கள்ளுண்ணாமை என 93ஆம் அதிகாரத்தை அமைத்தது. புலவர்க்குத் தேறல் வழங்கிய மரபில் வந்த அதியமானே ஜம்பையில் துறவியர்க்குப் பள்ளி அமைத்தான் என்பது, இரு மரபுகளும் ஒரே காலத்தில் அரச ஆதரவு பெற்றதைக் காட்டுகிறது.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் கள் இறக்குவோர் மீதான ஈழப்பூட்சி என்ற வரி இடம்பெறுகிறது. கொடையாக அளித்த நிலங்களில் உள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது என்ற விதியும் காணப்படுகிறது. விருந்தின் பொருளாக இருந்த கள் இவ்வாறு அரசின் வருவாய்ப் பொருளாகவும் ஆகியது.

கம்பெனிக் காலமும் ஜின்னும்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோ உள்ளிட்ட அதிகாரிகள் இங்கு நிலவரித் திட்டத்தை உருவாக்கினர்.

ஆங்கிலேயரின் மதுப்பழக்கமும் இந்திய நிலத்தால் மாறியது. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கில வணிகர் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப்பொருள் ஆகியவற்றைக் கலந்து குடித்த பானம் பஞ்ச் எனப்பட்டது. ஐந்து என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

ஜின், தானியச் சாராயத்தில் ஜூனிபர் காய்களின் மணத்தை ஏற்றிச் செய்யப்படுவது. நெதர்லாந்தின் ஜெனீவர் என்ற மதுவிலிருந்து இது இங்கிலாந்தில் உருவானது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகளிடையே ஜின் குடி பெருகியதால், 1736, 1751 ஆகிய ஆண்டுகளில் அதனைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. முதல் சட்டத்தின் கடும் கட்டணம் கள்ளத்தனமான விற்பனைக்கே வழிவகுத்தது.

ஜின்னுடன் சேரும் டானிக் நீரின் கசப்பு கொயினாவிலிருந்து வருவது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா, சிங்கோனா மரப்பட்டையில் உள்ளது. எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858ஆம் ஆண்டு லண்டனில் டானிக் நீருக்குக் காப்புரிமை பெற்றார். 1860ஆம் ஆண்டு கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனா, நீலகிரியில் மக்கைவர் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிடப்பட்டது. பனிக்கட்டியை அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து சேமிக்க, சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது.

ஒரு பங்கு ஜின், இரண்டு அல்லது மூன்று பங்கு டானிக் நீர், பனிக்கட்டி, எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றைக் கோப்பையில் சேர்த்தால் ஜின் டானிக் ஆயிற்று. புளிக்கவைத்தலும் வடித்தலும் ஆலையிலேயே முடிந்துவிடுவதால் வீட்டில் எஞ்சுவது கலக்கும் வேலை மட்டுமே. பெரும்பாணாற்றுப்படை கூறும் வீட்டில் இரண்டு நாள் காத்திருப்பும், பதம் அறியும் திறனும் தேவைப்பட்டன.

அத்திறனுக்குச் சட்டத் தடை வந்ததும் இதே காலத்தில்தான். 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் மது உற்பத்தியையும் விற்பனையையும் உரிமத்திற்கு உட்படுத்தியது. கள் இறக்கும் மரங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. கடைகள் ஏலம் விடப்பட்டன.

சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு

அப்போது தருமபுரி, சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர். 1925ஆம் ஆண்டு திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குப் பிரச்சாரத்திற்காக 1929இல் விமோசனம் என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் பணியாற்றினார். உழைப்பாளியின் கூலி கள்ளுக்கடைக்குப் போவதால் பெண்களும் குழந்தைகளும் பட்டினி கிடக்கின்றனர் என்பது இப்பிரச்சாரத்தின் மையக் கருத்து.

1937 ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதிலும் அது நடைமுறைக்கு வந்தது.

1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டமானது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அதன்பின் கள், சாராயக் கடைகள் மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இருந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது.

இன்றைய நிலை

1937ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. அதன்படி வீட்டில் கள் செய்வதோ சாராயம் காய்ச்சுவதோ குற்றம். ஆலையில் செய்த ஜின்னை அரசுக் கடையில் வாங்கி வீட்டில் கலந்து குடிக்கலாம். பனையிலிருந்து அன்று இறக்கிய கள்ளைக் குடிக்க இயலாது. இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டிப் பனைத் தொழிலாளரும் உழவர் அமைப்புகளும் கள்ளுக்கான தடையை நீக்கக் கோருகின்றன. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குவதை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். கள்ளில் போதைப்பொருள் கலப்படம் நிகழும் என்பதும், குடிப்பழக்கம் ஏழைக் குடும்பங்களைச் சிதைக்கும் என்பதும் எதிர்த்தரப்பின் வாதங்கள்.

கள்ளச்சாராயத்தின் ஆபத்து தனியானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சுப்பொருள். சிறிதளவும் கண்பார்வையைப் பறிக்கக்கூடியது. கள்ளும் தோப்பியும் இயல்பாகப் புளிப்பவை. சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது. சங்கப் பாடல்கள் விவரிப்பவை முதல் வகையைச் சார்ந்தவை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் மதுவிலக்கு பற்றிய விவாதத்தில் குழப்பம் ஏற்படுகிறது.

முடிவுரை

தகடூர் நாட்டின் மது வரலாற்றில் இரு பார்வைகள் எதிரெதிராக நிற்கின்றன. கள் குறைவாக இருந்தபோது அதைத் தான் உண்ணாமல் பிறர்க்கு அளித்தவன் என்று ஔவையார் தன் அரசனைப் போற்றினார். குடியால் வீட்டில் பிறர்க்கு உணவே இல்லாமற் போகிறது என்பதால் இராஜாஜி கள்ளை விலக்கினார். குடிப்பவரோடு இருப்பவர்க்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இரு பார்வைகளுக்கும் பொதுவானது. கள் தடையை நீக்குவது பற்றிய இன்றைய விவாதமும் பனையேறியின் வருமானம், குடும்பத்தின் நலம், அரசின் வருவாய் ஆகியவற்றை எடைபோட்டு அதே கேள்விக்கு விடை காண வேண்டியுள்ளது.